நூற்றுக்கு இருபத்திரண்டு

"இருபத்திரண்டு! இருபதைத் தாண்டினா உயரத்துல வேலை கிடையாதாம். ஸ்டோர் ரூம்ல உட்கார்ந்து போல்ட்டு எண்ணணும்," என்று தொழிற்சாலை தந்த ரத்தப் பரிசோதனை அறிக்கையை மனைவியிடம் நீட்டினார் வெல்டர்.

"எதுல இருபத்திரண்டு?"

"பத்து வருஷத்துல மாரடைப்பு வர்ற வாய்ப்பு."

"வாய்ப்பாம் வாய்ப்பு! லாட்டரியா இது?"

கணக்கு எளிதுதான். ரத்தக் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், வயது, இன்னும் சில விவரங்கள். இவற்றைக் கணினியில் போட்டால், இவரைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு மாரடைப்பு வரலாம் என்று அது சொல்லும். அந்த இருபத்திரண்டு பேரில் இவர் உண்டா என்பது கணினிக்கே தெரியாது.

மறுபரிசோதனைக்கு ஒரு மாதம் இருந்தது.

"ஓடுங்க மாமா, எல்லாம் கரைஞ்சிடும்," என்றான் மச்சினன்.

ஓடினார். மூன்றாம் நாள் முட்டி வீங்கியது. வலி மாத்திரை போட்டார். அந்த வகை மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும். ரத்த அழுத்தம் ஏறியது.

"மாத்திரையை நிறுத்துங்க மாமா. காபியையும் சேர்த்து நிறுத்திடுங்க."

நிறுத்தினார். தலை வெடித்தது, தூக்கம் போனது. தூங்காதவருக்கு அழுத்தம் எப்படி இறங்கும்?

"என் தம்பி இன்னும் ரெண்டு யோசனை சொன்னான்னா நூத்துக்கு நூறு வாங்கிடுவீங்க," என்றாள் மனைவி.

மறுபரிசோதனை முடிவு வாங்கப் போன அன்று, ரத்தம் எடுக்கும் பெண் பழைய படிவத்தைத் திறந்து புது எண்களைத் தட்டினாள்.

"இருபத்தாறு."

வெல்டர் நாற்காலியில் சரிந்தார். "பதினெட்டு வருஷமா கூரை மேல நின்னு வேலை பார்த்தவன்மா நான். கீழே இறக்கிடாதீங்க."

"நான் என்னண்ணே பண்ண முடியும்? முதல்ல அந்த சிகரெட்டை விடுங்க. நல்லாவே குறையும்."

"சிகரெட்டா? நான் கையால தொட்டதே இல்லையேம்மா!"

அவள் படிவத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் படிவத்தைப் பார்த்தாள்.

"போன தடவை 'புகைப் பழக்கம் உண்டா'ன்னு கேட்டதுக்கு, 'பழகாம எப்படிம்மா, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் புகைதானே நம்ம பொழைப்பு'ன்னு பெருமையா சொன்னது யாருண்ணே?"