சாகாவரம் வாங்கிய மூட்டைப்பூச்சிகள்

மூட்டைப்பூச்சியிடம் கடி வாங்குவதற்கு வரிசையில் நிற்கிற கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? லாட்ஜ்க்கார அம்மா தினமும் பார்த்தார். அவருடைய லாட்ஜ் வாசலில்தான் அந்த வரிசை.

பேங்க் மேனேஜர் சட்டையைக் கழற்றி அழகாக மடித்துக் கையில் வைத்திருப்பார். பல் டாக்டர் குடும்பத்தோடு வருவார். மாடியில் மூலை அறை. அதில் ஒரு பழைய மெத்தை. கொஞ்ச நேரம் படுத்து எழுந்தால் போதும், பாவம் கரையும், முட்டிவலி போகும், மேலதிகாரிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரும். உடம்பெல்லாம் தடிப்போடு வெளியே வருகிறவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். யார் முதுகு அதிகம் வீங்கியிருக்கிறதோ அவருக்கு மரியாதை அதிகம். ஒரு கடிகூடப் படாமல் எழுந்து வந்த தபால்காரர் ஒருவர், என்னிடம் என்ன குறை என்று சுவரில் சாய்ந்து அழுதார்.

கூத்து தொடங்கியது இப்படித்தான். லாட்ஜில் மூட்டைப்பூச்சித் தொல்லை. ராத்திரி தங்க வந்தவர்கள் விடிவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த அம்மாவின் அப்பா கட்டிய லாட்ஜ் அது. குடும்பத்துக்குச் சோறு அதிலிருந்துதான். மகள் காலேஜில் படிப்பதும் அதிலிருந்துதான். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கணவரிடம் யோசனை கேட்டால் "உன் இஷ்டம்" என்பார். கல்யாணமான நாள் முதல் அவர் சொல்லும் ஒரே யோசனை அது.

அப்போது வந்து சேர்ந்தார் பூச்சிச் சாமி. வெள்ளை உடுப்பு, கையில் குடுவை, அதற்குள் ரோஜா வாசனையோடு "ஒளி நீர்". பின்னாலேயே பணம் வாங்க ஒரு உதவியாளர். சாமி முதல் தடவை தெளித்தபோது பூச்சிகள் முறம் முறமாகச் செத்து விழுந்தன. அடுத்த தடவை பாதிதான் செத்தன. அதற்கப்புறம் தெளிக்கத் தெளிக்க ஒன்றுகூடச் சாகவில்லை. எண்ணிக்கையோ பெருகிக்கொண்டே போனது.

வேறு ஆளாக இருந்தால் மருந்து சரியில்லை என்று சட்டையைப் பிடித்திருப்போம். சாமியின் சட்டையைப் பிடிக்க முடியுமா? அவர் கண்ணை மூடினார், திறந்தார். மிஞ்சியிருப்பவை பூச்சிகளே இல்லை, புண்ணிய ஆத்மாக்கள், அவற்றுக்குச் சாகாவரம் கொடுத்துவிட்டேன், அவை கடித்தால் பாவம் தீரும் என்று அறிவித்தார். நம்பாதவர்கள் கடையில் விற்கும் பூச்சி மருந்தை வாங்கி அடித்துப் பார்க்கலாம் என்று சவாலும் விட்டார். பேங்க் மேனேஜரே ஒரு டப்பா முழுக்க அடித்தார். பூச்சிகள் தூறலில் நடப்பதுபோல நிதானமாக நடந்து போயின. கூட்டம் பொத்தென்று காலில் விழுந்தது.

அடுத்து இன்னொரு உத்தரவு. லாட்ஜில் இருக்கும் சிலந்தி, பல்லி, எறும்பு எல்லாவற்றையும் ஒழிக்கவேண்டும், அவை புண்ணிய ஆத்மாக்களைத் தின்கின்றன. சாகாவரம் வாங்கியதைச் சிலந்தி எப்படித் தின்னும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வாய் வேண்டும். எல்லார் வாயும் துதிபாடுவதில் மும்முரமாக இருந்தது.

கடைசியில் சாமி லாட்ஜையே கேட்டார். ஆசிரமமாக எழுதிக் கொடுத்துவிட்டால் அம்மாவின் குடும்பம் பின்பக்கம் சாமான் அறையில் தங்கிக்கொள்ளலாமாம். அப்பா கட்டிய கட்டடம். ஆனால் ஊரே கும்பிடுகிறவரிடம் எப்படி முடியாது என்பது? கணவரைப் பார்த்தார். "உன் இஷ்டம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் கூட்டம். பத்திரம் மேஜைமேல் தயார். அம்மா பேனாவை எடுத்த நேரத்தில் நாத்தனார் வந்து சேர்ந்தாள். பஸ் கண்டக்டர். டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு வந்திருந்தாள். கையில் துணி கட்டிய கண்ணாடிப் பாட்டில்.

"அண்ணி, கையெழுத்து எங்கயும் ஓடிடாது. அதுக்கு முன்னாடி சாமி இதுங்களுக்கும் வரம் குடுக்கட்டும். எங்க டிப்போ ஓய்வறைப் பூச்சி. பாவம், டிரைவருங்க ரத்தத்தை மட்டும் குடிச்சு வளர்ந்த ஜீவனுங்க."

சாமி நேரம் சரியில்லை என்றார். ஆனால் கூட்டம் விடவில்லை. ஒரே மெத்தைக்கு எத்தனை நாள் வரிசையில் நிற்பது? புதுப் பூச்சிகளுக்கும் வரம் கிடைத்தால் ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கே கொண்டுபோகலாமே. பல் டாக்டர் அப்போதே தன் பங்குக்கு டப்பா தேடினார். வேறு வழியில்லாமல் சாமி ஒளி நீரைப் பாட்டிலுக்குள் தெளித்தார்.

பூச்சிகள் தள்ளாடின. மல்லாந்தன. கூட்டம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக அடங்கின.

"ஏன் சாமி, வரம் குடுத்ததும் செத்துப்போச்சு?" என்று நாத்தனார் கேட்டாள்.

"அதெல்லாம் பாவம் பண்ணினதும்மா."

"டிப்போல உக்காந்துக்கிட்டு என்ன பாவம் பண்ணிச்சு? டிக்கெட் எடுக்கலையா?"

தபால்காரர் களுக்கென்று சிரித்துவிட்டார். அந்தக் கூடத்தில் பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு.

லாட்ஜ்க்கார அம்மா பேனாவை வைத்துவிட்டுப் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தார். ரோஜா வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை. மேனேஜர் அன்றைக்கு அடித்துவிட்டு மூலையில் போட்டிருந்த பூச்சி மருந்து டப்பாவை எடுத்து அதையும் மோந்தார். அதே வாசனை.

"அப்ப மாடியில இருக்கறது மட்டும் ஏண்டி சாகல?" என்று நாத்தனாரைக் கேட்டார்.

"எங்க பஸ்ல செக்கிங் ஏறினா, டிக்கெட் இல்லாதவன்ல அசந்து தூங்கறவன் மாட்டுவான், மோப்பம் புடிக்கிறவன் இறங்கிடுவான். தினம் செக்கிங் வந்தா கடைசியில மிஞ்சுறது பூரா எமகாதகப் பயலுங்கதான். அதுக்காக செக்கர் அவனுக்கு வரம் குடுத்தார்னு அர்த்தமா அண்ணி?"

டிப்போ பூச்சிகள் அந்த மருந்தை இதுவரை பார்த்ததே இல்லை, பூச்சியிலும் எல்லாம் ஒரே அச்சு இல்லை என்று விளக்கினாள். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பிறக்கும்போதே அந்த மருந்தைத் தாங்கும் உடம்போடு பிறந்திருக்கும். மற்றதெல்லாம் செத்தால் அதுதான் முட்டை போடும், குஞ்சுக்கும் அதே உடம்பு. தின்பதற்குச் சிலந்தியும் இல்லை, பல்லியும் இல்லை. சாமி செய்தது, ஏமாளிப் பூச்சிகளைக் கொன்று எமகாதகப் பூச்சிகளுக்கு லாட்ஜைக் காலி செய்து கொடுத்ததுதான்.

சாமி சமாளித்தார். எப்படிப் பிறந்தால் என்ன, அவை சாகாதவைதானே என்றார். கூட்டத்தில் பாதி, ஆமாம் என்று தலையாட்டியது. நம் ஆட்கள் தலை அதற்கென்றே செய்தது.

அம்மா சமையலறைக்குப் போனார். கொதிக்கிற கெண்டியோடு மாடி ஏறினார். கூட்டமும் பின்னாலேயே ஏறியது. மெத்தையின் தையல் ஓரத்தில் வெந்நீரை ஊற்றினார். புண்ணிய ஆத்மாக்கள் ஒன்று பாக்கியில்லாமல் மிதந்தன.

"பாத்தீங்களா அண்ணி, எல்லாம் ஒரே ரகமாப் போச்சு. அந்த மருந்தைத் தாங்குது, சூட்டைத் தாங்கல. பல ரகம் இருந்தாத்தான் எதுக்காச்சும் ஒண்ணு தப்பிக்கும். நம்ம தோட்டமானாலும் சரி, காடானாலும் சரி, கணக்கு இதேதான்."

கெண்டியில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. அம்மா சாமி பக்கம் திரும்பினார்.

"சாமி, நீங்க இந்த மெத்தையில ஒரு தடவையாச்சும் படுத்திருக்கீங்களா? இப்பப் படுங்க. நம்பிக்கையோட படுங்க."

சாமி படி இறங்கிய வேகத்தில் உதவியாளர் பின்தங்கிவிட்டார். அம்மா கீழே போய்ப் பத்திரத்தைக் கிழித்தார். கணவர் வழக்கமான யோசனையைச் சொல்ல வாயெடுத்தார். அம்மா அவர் கையில் கெண்டியைக் கொடுத்து அடுத்த அறைக்கு அனுப்பினார். பல்லிகளை இனி யாரும் விரட்டக்கூடாது என்றும் சொன்னார்.

எல்லாம் முடிந்தபிறகு பேங்க் மேனேஜர் சட்டையை மாட்டிக்கொண்டே உதவியாளரை ஓரமாக இழுத்து, சாமி அடுத்து எந்த ஊரில் இறங்குவார் என்று மெதுவாக விசாரித்தார்.

விஷத்தில் தப்பிய பூச்சி, விஷத்தைத் தாங்கும் உடம்பைத் தன் குஞ்சுக்குக் கொடுக்கிறது. அதற்கு யோசிக்கத் தெரியாது. யோசிக்கத் தெரிந்த நாம் நம் பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கப்போகிறோம்? கேள்வி கேட்கும் பழக்கத்தையா, அடுத்த சாமியின் விலாசத்தையா?