நாகலிங்க மாளிகையும் தண்டபாணியின் மீசையும்

தெருவே சனிக்கிழமை மேட்னிக்குக் கிளம்பப் போகிறது என்ற செய்தி வந்தபோது மாவு மில் தண்டபாணி மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் தும்மினார். மிளகாய்த் தும்மல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"நாகலிங்க மாளிகைய புதுசா எடுத்துக்கீறாங்கண்ணா. கலருல. உத்திரமேரூர்ல போட்டுக்கீறான்," என்றாள் அம்முலு. கேழ்வரகு டின்னோடு வரிசையில் மூன்றாவதாக நின்றவள். "நீ சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம் ஆன படம். பாக்காம வுடுவமா?"

தண்டபாணி மெஷினை நிறுத்தினார். மானாம்பதியில் அவர் மெஷின் ஓடும்போது நிறுத்தியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

"யாரெல்லாம் போறீங்க?"

"எல்லாரும்தான். உண்ணாமலை அக்காதான் டெம்போ பேசிச்சி."

உண்ணாமலை, தண்டபாணியின் மனைவி. பிரச்சினையே அங்கேதான்.

1974-இல் மானாம்பதி டெண்ட் கொட்டகையில் 'நாகலிங்க மாளிகை' என்ற கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம் வந்தது. பதினாறு வயது தண்டபாணி அதை முதல் வரிசை மணலில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து பார்த்தார். இது ஊர் அறிந்த கதை. ஊர் அறியாத கதை ஒன்று உண்டு. டைட்டில் ஓடும்போது ஒரு கொலுசுச் சத்தம் கேட்டது. படத்தில் பேர் போட்டு முடிப்பதற்குள் தண்டபாணி டெண்ட் துணிக்கு அடியில் புகுந்து வெளியே வந்துவிட்டார். மீதிப் படம் முழுக்க வேர்க்கடலைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பையன்கள் கதை கேட்டார்கள். சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னார். அன்று திறந்த வாயை முப்பது வருஷமாக மூடவில்லை. அப்பா போய் மில் இவர் கைக்கு வந்தபிறகு கேட்க ஆளும் கூடிவிட்டது. மாவுக்கு வரிசையில் நிற்பவர்கள் வேறு எங்கே போவார்கள்?

உண்ணாமலைக்கு அந்தக் காலத்தில் இரண்டு வரன் வந்தது. ஒருவர் திருமுக்கூடல்காரர், ஆற்றோரம் மூன்று ஏக்கர் வைத்திருந்தார். இன்னொருவர் தண்டபாணி, அவரிடம் இருந்தது பேய்க்கதை. பல்லி விழுந்தாலே நடுங்குகிற உண்ணாமலை, "ஒத்தையில பேய்ப்படம் பாத்தவரே போதும்" என்று சொல்லிவிட்டாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். கரண்ட் போனாலும், இடி இடித்தாலும், கூரையில் ஏதாவது ஓடினாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: "இவரு கீறாரு, எனக்கின்னா பயம்."

அந்த ஒரு வார்த்தைதான் தண்டபாணியின் சொத்து. அவள் இந்தப் படத்தைப் பார்த்தால், அவர் சொன்ன கதை அதில் ஒரு வரிகூட இல்லை என்று தெரிந்துபோகும். சொத்து போய்விடும்.

"அம்முலு, நான் சொல்றத கேளு," என்று தண்டபாணி முகத்திலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "பழைய பேய் வேற, புதுப் பேய் வேற. அந்தக் காலத்துப் பேய்க்குப் பொறுமை இருந்துச்சி. இடைவேளை வரைக்கும் கண்ணுலயே படாது. ஒரு வெள்ளப் பொடவ, ஒரு கொலுசு, அவ்ளோதான். இப்ப வர்ற பேய் டிக்கெட் கிழிக்கும்போதே வந்து நிக்குது. சத்தம்தான் பெருசு, சரக்கு கெடயாது."

"அது கறுப்பு வெள்ளப் படமாச்சே. பொடவ வெள்ளன்னு உனக்கு எப்டிணா தெரியும்? வெளிர் மஞ்சளா இருந்தா?"

தண்டபாணி இதை எதிர்பார்க்கவில்லை. "பாத்தவனுக்குத் தெரியும்," என்றார்.

"அப்ப நீயும் வாணா. பக்கத்துல உக்காந்து எது பழசுல நல்லா இருந்துச்சி, எது புதுசுல மோசம்னு சொல்லிக்கினே வா."

வரிசை முழுக்க ஆமாம் போட்டது. படத்துக்குப் போகவேண்டாம் என்று சொல்லப் போனவருக்கும் டெம்போவில் ஒரு இடம் பிடித்துவிட்டார்கள். அதுவும் டிரைவர் பக்கத்தில்.

வெள்ளிக்கிழமை காலை தண்டபாணிக்குக் காய்ச்சல் வந்தது. இருமல், முதுகுவலி எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு முனகினார்.

உண்ணாமலை நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "உன்ன இப்டி வுட்டுட்டு நான் எப்டி போவேன்? நானும் போவல."

கம்பளிக்குள் தண்டபாணிக்குக் காய்ச்சலே குளிர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. வாசலில் அம்முலுவின் குரல்.

"அக்கா, அண்ணா இல்லாம போயி இன்னா பிரயோஜனம்? ஞாயித்துக்கெழமைக்கு மாத்திட்டோம். ஞாயித்துக்கெழம லீவுங்கறதால பக்கத்துத் தெருவும் வருதாம். டெம்போ ரெண்டாச்சி. பேசாம தூங்கி எழுந்து வரச் சொல்லு."

காய்ச்சல் வீண். தண்டபாணி சனிக்கிழமை எழுந்து மில்லைத் திறந்தார். கடைசியாக ஒரு வழி தோன்றியது. தோன்றியபோது, இவ்வளவு நாள் ஏன் தோன்றவில்லை என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இப்பவே சொல்லிட்றேன்," என்றார் வரிசையைப் பார்த்து. "நான் சொன்ன சீன் எதுவும் இந்தப் புதுப் படத்துல இருக்காது. எல்லாத்தயும் மாத்திக் கெடுத்திருப்பானுங்க. நாலு வருசத்துக்கு மின்ன நம்ம மோட்டாருக்குக் காயில் கட்ட வந்தானே பிரேம்நாத்து? ஒரு நாள் வேலைய நாலு நாள் பண்ணிக்கினு, வாயப் பொளந்துக்கினு உக்காந்திருந்தானே? அந்த மாதிரி பசங்கதான் இப்ப மெட்ராஸ் போயி சினிமாவுல பூந்துக்கினு கீறானுங்க. அவனுங்களுக்கு இன்னா தெரியும்?"

"எந்தச் சீனும் இருக்காதா?" என்று கேட்டது எதிர் சலூன் இருசப்பன். கூட்டம் இருக்கும் இடத்தில் அவர் இல்லாமல் இருக்கமாட்டார்.

"கெணத்துல வாளி இழுக்க இழுக்கக் கனக்கும், மேல வந்தா காலியா இருக்குமே, அது இருக்காது. கொட்டிக் கெடக்கற மாவுல காலடி மட்டும் நடந்து போவுமே, அது இருக்காது. மொட்ட வெயில்ல அந்தப் பொம்பள எந்திரக்கல்லு சுத்திக்கினு, போறவன் வர்றவன் கிட்டல்லாம் 'இன்னும் நைஸா வேணுமா'ன்னு கேப்பாளே, அது சத்தியமா இருக்காது."

"இருந்துட்டா?"

"மூணுல ஒண்ணு இருந்தாலும் மீசைய எடுத்துக்கறேன்."

வரிசை முழுக்க அவர் மீசையைப் பார்த்தது. தண்டபாணியின் மீசை சாதாரண மீசை இல்லை. காலையில் கறுப்பாகவும் சாயங்காலம் மாவு படிந்து வெள்ளையாகவும் இருக்கும் அந்த மீசைக்கு வயது முப்பது. ஆனால் தண்டபாணிக்குக் கவலையே இல்லை. இந்த மில்லில், இந்த வாயில் பிறந்த சீன்கள் மெட்ராஸ் படத்துக்குள் எப்படிப் போகும்? தோற்கவே முடியாத பந்தயம். நிம்மதியாக மெஷினைப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் நிரம்பி வழிந்தது. பாதிக்கு மேல் மானாம்பதி ஜனம். தண்டபாணி நடு வரிசையில், இடது பக்கம் உண்ணாமலை, வலது பக்கம் அம்முலு. இருசப்பன் பின்னால் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விளக்கு அணைந்தது. திரையில் இருட்டு. அப்புறம் அதே கொலுசுச் சத்தம்.

முப்பது வருஷம் ஆனாலும் கால்களுக்கு ஞாபகம் போகவில்லை. தாமாக எழுந்தன. ஆனால் இங்கே டெண்ட் துணி இல்லை, சிமெண்ட் சுவர்தான் இருந்தது. தண்டபாணி சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காதுகளில் அடைத்துக்கொண்டு கண்களை இறுக்க மூடினார். டைட்டிலை மட்டும் தாண்டிவிட்டால் போதும் என்று ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

நூற்றியிருபதை எண்ணும்போது தியேட்டர் அதிர்ந்தது. நாற்காலி ஆடியது. முதுகில் யாரோ ஓங்கி அடித்தார்கள். இப்போதெல்லாம் டிடிஎஸ் என்று ஒன்று வந்திருக்கிறது, சத்தம் நாற்காலிக்குள்ளேயே வரும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இருநூறு வரை எண்ணிவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

முன் வரிசை முழுக்கத் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. உண்ணாமலை அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் கண்ணில் ஈரம். பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

படத்தில் ஒரு வேலைக்காரி கிணற்றில் வாளியை விட்டாள். இழுத்தாள். கனத்தது. மூச்சு வாங்க இழுத்தாள். மேலே வந்தது. வாளி காலி.

தற்செயல் என்றார் தண்டபாணி தமக்குள். கிணறு என்றால் வாளி இருக்கத்தானே செய்யும்.

இடைவேளைக்கு முன்னால் மாளிகைக் கூடத்தில் மாவு மூட்டை கவிழ்ந்தது. அந்த வெள்ளையின்மேல் ஒவ்வொன்றாகக் காலடிகள் விழுந்து வாசலை நோக்கிப் போயின. நடக்கிற ஆள் இல்லை. இடைவேளையில் அம்முலு அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தாள். பலியாட்டுக்கு மாலை போடுவதுபோல் இருந்தது அவருக்கு. உண்ணாமலை முறுக்கு நீட்டினாள். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு, மொட்டை வெயில். நாகலிங்க மரத்தடியில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு எந்திரக்கல் சுற்றினாள். கல்லில் தானியமே இல்லை, மாவு மட்டும் கொட்டியது. அவள் மெல்லத் திரும்பி, நேராகத் தண்டபாணியைப் பார்த்து, "இன்னும் நைஸா வேணுமா?" என்றாள்.

"ஐயோ" என்று ஒரு அலறல் கேட்டது. அது தம்முடையது என்று தண்டபாணிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. தம் வாயிலிருந்து புறப்பட்ட பேய் தம்மையே தேடி வந்துவிட்டது. உண்ணாமலை முந்தானையால் அவர் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். இனி அவளிடம் மறைக்க என்ன இருக்கிறது?

படம் விட்டதும் வெளியே சோடாக் கடை ஸ்டூல் தயாராக இருந்தது. இருசப்பன் மஞ்சள் பையிலிருந்து கத்தியையும் சோப்பையும் எடுத்தார். மானாம்பதி ஜனம் வட்டமாக நின்று சிரித்தது.

"ஒண்ணு கேட்டாரு, மூணு வந்துச்சி," என்றாள் அம்முலு. "சொன்னது சொன்ன மாதிரியே கீது."

தண்டபாணி ஸ்டூலில் உட்கார்ந்தார். இடது பக்க மீசை போனது. காற்று சில்லென்று பட்டது. இருசப்பன் வலது பக்கத்துக்குச் சோப்பு போடும்போது தண்டபாணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. மீசை போனா மொளச்சிடும். ஒண்ணு சொல்லாம இதுக்கு மேல என்னால முடியாது." அவர் உண்ணாமலையைப் பார்த்தார். "உண்ணாமல, அந்தப் பழைய படத்த நான் பாக்கவே இல்ல. டைட்டில்லயே டெண்டுக்கு அடியில பூந்து ஓடிட்டேன். முப்பது வருசமா சொன்னது அத்தனையும் என் கப்சா. நான் தைரியசாலியே கெடயாது. நீ மூணு ஏக்கரை வுட்டுட்டு என்னக் கட்டிக்கினே, அதுக்கு நான் பண்ணது துரோகம். அந்தப் படத்துல அதெல்லாம் எப்டி வந்துச்சின்னு சத்தியமா எனக்குத் தெரியல."

சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பாதி மீசையில் சோப்பு நுரை வழிந்தது. நிமிர்ந்து பார்த்தார். உண்ணாமலை முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இருசப்பன் கத்தியை மடக்கிப் பையில் போட்டார்.

"பஞ்ச வெச்சிக்கினு கண்ண மூடிக்கினு இருந்தா எப்டி தெரியும்? 'மூலக்கதை: மானாம்பதி மாவு மில் தண்டபாணி; கேட்டு எழுதியவர்: பிரேம்நாத்'னு திரை முழுக்கப் போட்டான்பா, தியேட்டரே எழுந்து நின்னுச்சி, அதுல மொத விசிலு உன் பொண்டாட்டிது."