நாலாம் நம்பர் சூப்பு

பட்டியல் போட்டு வேலை செய்கிறவர்களும் தவறு செய்வார்கள். என்ன, வரிசை எண் போட்டுச் செய்வார்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. கிண்டி தொழிற்பேட்டையில் தராசுகளையும் வெப்பமானிகளையும் சரிபார்க்கும் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஒரு கிராம் என்று எழுதியிருந்தால் அது உண்மையிலேயே ஒரு கிராம்தானா என்று சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். (வீட்டில் இதை இலவசமாகவே செய்கிறேன்.)

நான் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம் அத்தை மகள் மலருக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வீடு நொச்சிக்குப்பத்தில். நைனா கடலுக்குப் போகிறவர், அம்மா சாலையோரம் மீன் விற்கிறவர். நைனாவின் தங்கைதான் அத்தை. அவர் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் பாலவாக்கத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஒரே புலம்பல்.

"உள்ள நுழையும்போதே பேப்பர் கப்புல சூப்பு குடுக்கறாங்க அண்ணி! நாம இன்னா, பன்னீர் தெளிச்சு உட்டுனு இருக்கோம்."

"இன்னா சூப்பு? ஆட்டுக்காலா?" என்றார் அம்மா. (எங்கள் பக்கம் சூப்பு என்றால் சாயங்காலத் தள்ளுவண்டியில் எலும்போடு வருவது. அதில் காய்கறிக்கு வேலை இல்லை.)

"வெஜிடபுள் சூப்பு அண்ணி. டீசன்ட்டு."

சமையல் மாஸ்டரைக் கேட்டால், "சூப்பு நம்ம ஐட்டம் இல்லம்மா. பாக்கெட்டு வாங்கிக் குடுங்க, கலக்கித் தரேன்" என்று கையை விரித்துவிட்டார். அத்தை என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, சூப்பு உன் பொறுப்பு. நீதாண்டி படிச்ச பொண்ணு. பாலவாக்கத்துக்காரங்க மூக்கு மேல வெரல வெக்கணும். என் மானம் உன் கையில கீது."

அதுவரை கல்யாணங்களில் எனக்குக் கிடைத்த அதிகபட்சப் பொறுப்பு கற்கண்டுத் தட்டு. குடும்பத்தில் முதல் டிப்ளமோக்காரியின் கையில் குடும்ப மானம் ஒப்படைக்கப்பட்டபோது நான் மயங்கி விழவில்லை. நோட்டை எடுத்து "சூப்புத் தேர்வு: செய்முறை" என்று தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டேன். இரண்டு கோடு.

மயிலாப்பூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சூப்புக்கென்றே தனி அடுக்கு இருந்தது. அதன் முன்னால் முக்கால் மணி நேரம் நின்று ஒவ்வோர் உறையின் பின்பக்கத்தையும் படித்தேன். உறையின் முன்னால் ஒரு தோட்டமே இருக்கிறது. பின்னால் திருப்பினால் காய்கறி, உப்புக்கும் சர்க்கரைக்கும் பின்னால், கல்யாண போட்டோவில் கடைசி வரிசை ஆள் மாதிரி எட்டிப் பார்க்கிறது. தக்காளி, கலவைக் காய்கறி, காரமும் புளிப்புமான ஒன்று, ஸ்வீட் கார்ன், காளான் என்று ஐந்து வகையில் இரண்டிரண்டு வாங்கினேன்.

படத்தைப் பார்த்து மார்க் போட்டுவிடக் கூடாது அல்லவா? அதனால் எல்லாவற்றையும் உறையிலிருந்து டப்பாவுக்கு மாற்றி, எண் மட்டும் கொடுப்பது என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் ஒரே அச்சில் ஆறு எவர்சில்வர் டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் வேட்டிக்குப் போடும் கஞ்சிப் பொடி, அரிசியும் ஜவ்வரிசியும் அரைத்துச் சலித்தது. மற்ற ஐந்தும் காலி. சனிக்கிழமை காலை அந்த ஐந்தில் சூப்புப் பொடிகளைக் கொட்டி, ஒன்று முதல் ஐந்து வரை அச்சடித்த லேபிளை மூடியின் மேல் நேராக ஒட்டினேன். (மூடியின் மேல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஞாயிறு பதினோரு மணிக்கு நடுவர் குழு கூடியது. அத்தை, அம்மா, நைனா, அம்மாவுக்குப் பக்கத்தில் கடை போடும் கஸ்தூரி அக்கா. ஆளுக்கொரு மதிப்பெண் தாள், ஒரு பென்சில், நடுவில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர். தெரு நாய்கூட மரியாதையாக வாசலில் உட்கார்ந்திருந்தது.

ஒன்றாம் எண் தக்காளி. கஸ்தூரி அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "ரசத்துக்கு ஜலுப்பு புடிச்ச மாரி கீது" என்றார். "ஜலதோஷம்" என்று எழுதிக்கொண்டேன். இரண்டு யாருக்கும் எந்த உணர்ச்சியையும் தரவில்லை. மூன்றைக் குடித்த அம்மா டம்ளரின் அடியைப் பார்த்தார். "மீன் கொழம்பு வெச்சுட்டு மீன மட்டும் தூக்கிட்டாங்களா? இன்னாடி அநியாயம் இது."

நான்கு. கஸ்தூரி அக்கா டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, "இன்னொரு வாட்டி ஊத்து" என்றார்.

"உப்பு மட்டும் இல்ல. உப்பும் மெளகும் போட்டா சூப்பரு" என்றார் அத்தை. போட்டுக் கொடுத்தேன்.

நைனா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "ஜொரம் வந்தா குடிப்பமே கஞ்சி, அது மாரியே கீது. வயித்துக்கு இதமா."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷிக்குச் சந்தேகம் வந்திருக்கும். நான் தொழில்நுட்பம் படித்தவள். "பாரம்பரியச் சுவை" என்று எழுதினேன்.

"காய் எதுவும் தட்டுப்படலியேடி" என்றார் அம்மா.

"காய்கறி முழுமையாகக் கரைந்துள்ளது" என்று எழுதினேன். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. கையெழுத்தில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

ஐந்தாம் எண் காளானைப் பற்றி, மழையில் நனைந்த கருவாட்டுக் கூடை என்பதற்கு மேல் குழு எதுவும் சொல்ல விரும்பவில்லை. கூட்டிப் பார்த்தேன். நாலாம் நம்பர் நாற்பதுக்கு முப்பத்தொன்பது. (ஒரு மார்க்கை அம்மா குறைத்தார். யாரையும் முழுசாகப் புகழ்ந்தால் கண் படுமாம்.) என் பட்டியலில் நான்காம் எண்ணுக்கு நேரே "ஸ்வீட் கார்ன்" என்று இருந்தது. "முடிவு அறிவியல்பூர்வமானது" என்று எழுந்து நின்று அறிவித்தேன். அத்தை என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தார். மறுநாளே ஸ்வீட் கார்ன் சூப்புப் பாக்கெட்டுகளை அட்டைப்பெட்டியாக வாங்கி மாஸ்டரிடம் ஒப்படைத்தேன், லேமினேட் செய்த செய்முறைத் தாளுடன்.

அந்த வாரம் வேறு இரண்டு சிறு சம்பவங்கள் நடந்தன. நைனா தாய்மாமனாக மேடையேறக் கஞ்சி போட்டு வைத்திருந்த பட்டுக்கரை வேட்டியைத் தேய்க்கக் கொடுத்தபோது இஸ்திரிக்காரர், "இன்னாக்கா, பொட்டி வெச்சதும் ஓட்டல் வாசன வருது" என்றார். வெள்ளிக்கிழமை பீரோவில் எறும்பு. அம்மா சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். இரண்டும் என் நோட்டில் பதிவாகவில்லை. சூப்பு சம்பந்தப்பட்டவை அல்லவே!

தி.நகர் மண்டபத்தில் ஞாயிறு மாலை வரவேற்பு. வாசலில் சூப்பு மேசை, பின்னால் நான், பட்டுப்புடவையில். வருகிறவர்களிடமெல்லாம் அத்தை, "எங்கண்ணன் பொண்ணு செலக்ட் பண்ணது. லேப்ல வேலை" என்றார். பாலவாக்கத்துச் சம்பந்தியம்மாள் ஒரு கப்பை எடுத்து, ஒரு வாய் குடித்து, புன்னகை மாறாமல் மீதியை மேசைக்கடியில் வைத்தார். அடுத்து வந்தவரும் அப்படியே. மேசைக்கடியில் அரைக் கப்புகள் அணிவகுத்தன.

கஸ்தூரி அக்கா குடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது அது இல்லடி."

"அதேதாங்க்கா. நாலாம் நம்பர்."

"யாருகிட்ட? நான் ரெண்டு டம்ளரு குடிச்சவ. இது பாயசத்துல உப்ப கொட்டுன மாரி கீது."

அத்தையும் ஒரு கப் குடித்தார். அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். "அன்னிக்குக் குடிச்சது எங்க கண்ணு?" என்று மெதுவாகத்தான் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மெதுவான கேள்விக்கு எந்த நெடுவரிசையில் பதில் எழுதுவது?

அப்போது மேடையில் விசில் சத்தம். மணமக்களுக்குப் பக்கத்தில் போட்டோவுக்கு நின்ற நைனா இடது காலைத் தூக்கினார். பிறகு வலது கால். பிறகு இடுப்பை ஒரு வெட்டு வெட்டினார். நைனா வாழ்நாளில் ஆடியவர் இல்லை. தாய்மாமன் சந்தோஷத்தில் ஆடுகிறார் என்று பாட்டுக் கச்சேரிக்காரர்கள் குத்துப்பாட்டுக்கு மாறினார்கள். வீடியோக்காரர் ஓடி வந்து முட்டி போட்டு எடுத்தார். நைனாவின் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

அம்மா மேடையேறி, வேட்டியை உதறுகிற சாக்கில் மடிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார். விரல் நுனியில் நாலைந்து செவ்வெறும்புகள், அவற்றுக்கு நடுவே சப்பையாகத் தேய்க்கப்பட்ட மஞ்சள் மணி ஒன்று.

"இது இன்னாடி?"

"ஸ்வீட் கார்ன்" என்றேன். (பொருளை முதலில் அடையாளம் காண வேண்டும். ஆய்வகப் பழக்கம்.)

"கஞ்சிப் பொடியில சோளம் எப்பிடிடி வந்துச்சு? நான்கூட பூச்சின்னு பொறுக்கிப் போட்டேன். ஒண்ணு தப்பிச்சுக்கிச்சு."

"எப்ப கஞ்சி போட்ட?"

"சனிக்கெழம சாயங்காலம். கஞ்சிப் பொடி எதுலன்னு தொறந்து தொறந்து பார்த்துனு இருந்தேன், தண்ணி லாரி வந்துச்சு. அப்பிடியே மூடிட்டு ஓடுனேன். வந்து, சீட்டு ஒட்டாத டப்பாவ எடுத்துப் போட்டேன். மஞ்சளா இருந்துச்சு, பழசாயிடுச்சுன்னு நெனச்சேன்."

மூடி! ஆய்வகத்தில் முதல் நாள் முதல் பாடம்: லேபிளை டப்பாவின் உடம்பில் ஒட்டு, மூடியில் ஒட்டாதே, மூடிக்கு விசுவாசம் கிடையாது. அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். இரண்டு கோடு.

மறைத்திருக்கலாம். கம்பெனிக்காரன் மாற்றிவிட்டான் என்று சொல்லியிருந்தால் அத்தை நம்பியிருப்பார். ஆனால் அளவு தவறினால் தவறியது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் என் தொழில். அத்தையிடம் போனேன்.

"அத்தை, அன்னிக்கு நாம குடிச்சது நைனாவோட வேட்டிக் கஞ்சி. நைனா கட்டிக்கினு நிக்கறாரே, அதுதான் சூப்பு."

அத்தை என்னைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். நைனா இன்னொரு வெட்டு வெட்டினார். அத்தை பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் எழுந்தார்.

"அப்ப அதையே போடு. எனக்கு முப்பத்தொம்போது மார்க்கு வாங்குன சூப்புதான் வேணும்."

சமையலறைக்கு ஓடினோம். பாயசத்துக்கு வாங்கிய ஜவ்வரிசி மிச்சம் இருந்தது, அரிசிக்குப் பஞ்சமில்லை. அம்மா அளவு சொன்னார், நான் மிக்ஸியில் அரைத்தேன், மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டே கிளறினார். "சூப்பு நம்ம ஐட்டம் இல்லன்னு சொன்னேன். இது எவன் ஐட்டமும் இல்ல போலகீதே!" உப்பு, மிளகு, மேலே கொஞ்சம் கொத்தமல்லி. நைனா லுங்கிக்கு மாறி நிம்மதியாக மேடையேறிய நேரத்தில் புதுச் சூப்பு மேசைக்கு வந்தது.

சம்பந்தியம்மாள் சந்தேகத்தோடு ஒரு வாய் குடித்தார். பிறகு கப்பைக் காலி செய்தார். பிறகு, இதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன், மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து என் காதருகே, "இது இன்னா பாக்கெட்டும்மா? எங்க கெடைக்குது?" என்று கேட்டார்.

அண்டா காலியானது. மேசைக்கடியில் புதிதாக ஒரு கப்கூடச் சேரவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என் சோதனையில் பிழை இல்லை என்று இன்றும் வாதாடுவேன். படம் பார்க்காமல், பெயர் தெரியாமல், நாக்கை மட்டும் நம்பி நான்கு பேர் மார்க் போட்டார்கள். கடையிலிருந்து வந்த ஐந்தில் நான்கைத் தோற்கடித்து ஜெயித்தது எங்கள் அம்மா அரைத்த பொடி. முறை சரி. மூடிதான் தப்பு.

இப்போது அந்த டப்பாவின் உடம்பிலும் மூடியிலும் "4" என்று ஒட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் தெருவிலும் யாரும் கஞ்சிப் பொடி என்று சொல்வதில்லை, நாலாம் நம்பர்தான். ஜுரம் வந்தாலும் நாலாம் நம்பர், வேட்டிக்கும் நாலாம் நம்பர். மலரின் கல்யாண வீடியோவில் நைனாவின் ஆட்டம் வரும் இடத்தை அத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்ப்பார். போன வாரம் தேய்க்கத் துணி கொண்டுபோனேன். இஸ்திரிக்காரர் நைனாவின் வேட்டியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, பெட்டியை வைக்காமல் கேட்டார்:

"நாலாம் நம்பரா பாப்பா, இல்ல வெறும் சூப்பா?"