யானைக் காசின் பூர்வீகம்

எலுமிச்சைச் சாற்றிலிருந்து எடுத்துப் பார்த்தபோது காசில் யானையைக் காணவில்லை.

தும்பிக்கை போய்விட்டது, வால் போய்விட்டது, நாலு காலும் போய்விட்டன. நடுவில் உருளைக்கிழங்கு மாதிரி ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. வெள்ளியும் கரையும் என்று ஹபீலுக்கு அன்றுதான் தெரிந்தது. குசினியில் அடுப்படியோரம் நின்றபடி அந்தக் கிழங்கையே பார்த்தான். 

அவனுடைய காசாக இருந்தால் பரவாயில்லை. அது மாமியாரின் காசு. வெள்ளைக்காரன் காலத்தது. அந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளை பிறந்தாலும், நாற்பதாம் நாள் அதன் கைக்குள் அந்தக் காசை வைத்து மூடுவது வழக்கம். மாமி றலியா, மகள் இல்மாவின் கல்யாணத்தன்று அதை ஒரு டப்பாவில் போட்டு ஹபீலிடம் ஒப்படைத்தபோது ஒரேயொரு கட்டளைதான் போட்டார்.

"டப்பாவத் திறக்கப்படாது மகன். கண்ணூறு படும்."

ஹபீல் திறந்தான். தன் முதல் பிள்ளையின் நாற்பதுக்கு யானை பளபளவென்று நிற்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். நல்லெண்ணத்தோடு பல் விளக்கும் பிரஷ்ஷாலும் தேய்த்திருந்தான்.

இல்மா வந்து பார்த்து வாயில் கைவைத்தாள். "யா அல்லாஹ்! உம்மா இனி இந்த ஊட்டு வாசல மிதிக்க மாட்டா."

"வார வெள்ளிக்கிழமதானே நாப்பது, அதுக்குள்ள வேற ஒண்டு வாங்கிடுவோம். ஃபோன்ல இல்லாத சாமானா?"

"அது போலியா இரிந்தா?"

ஹபீல் கட்டுகஸ்தோட்டையில் வாகன உதிரிப்பாகக் கடையில் வேலை பார்ப்பவன். போலிச் சாமானில் பலமுறை சூடுபட்டவன். எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்று விசாரிக்காமல் ஒரு ஆணிகூட வாங்க மாட்டான். காசை மட்டும் விடுவானா?

ஃபோனில் யானைக் காசு விற்பனைக்குப் போட்டிருந்த முதல் ஆளிடம் கேட்டான். "இது முந்தி ஆருட கையில இரிந்த?"

"கண்டி ராசாட கையில."

"ராசாவக் கப்பலேத்தி அனுப்பின பொறகு அடிச்ச காசு. அவர்ட கைக்கு எப்பிடிப் போன?"

அந்த ஆள் அவனை பிளாக் செய்துவிட்டான். இரண்டாமவன், "உங்களுக்குக் காசு வேணுமா, கதை வேணுமா?" என்று கேட்டுவிட்டு அதையே செய்தான்.

மூன்றாவது ஆள் பிலிமத்தலாவை ஊர் நஸீப். பொறுமைசாலி.

"நல்ல குடும்பத்துக் காசு தம்பி. கன காலமா எண்ட அலுமாரியிலதான் கிடக்கு."

"எந்தக் குடும்பம்?"

"பேர் சொல்ல மாட்டேண்டு வாக்குக் குடுத்திரிக்கேன்."

"ஊரு?"

"அதுவும்தான்."

"ஏன் வித்தாங்க? ஊட்டாக்களுக்குத் தெரியுமா? அவங்களுக்கு அது எப்பிடிக் கிடைச்ச?"

பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். நஸீப் பெருமூச்சு விட்டான். "பொறுங்க, கேட்டுச் சொல்றேன்."

அன்று பின்னேரம் மாமி அழைத்தார்.

"மகன், காசு பத்திரமா இரிக்கா?"

"இரிக்கி மாமி." 

"இந்த முற காசு வைக்கிறத உட்டா என்ன? சனம் கூடும், கண்ணூறு படும்."

ஹபீல் உஷாரானான். மாமி மோப்பம் பிடித்துவிட்டார், ஆழம் பார்க்கிறார்! தான் சம்மதித்தால் மாட்டிக்கொள்வது நிச்சயம். "அப்பிடிச் சொல்லாதீங்க மாமி! வழக்கத்த உடப்படாது. எல்லாருக்கும் முன்னால வைப்போம். நான் சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன்."

சொல்லியிருக்கவில்லை. மாமி ஃபோனை வைத்ததும் ஓடிஓடிச் சொன்னான்.

மறுநாள் நஸீபின் குரல் மாறியிருந்தது. "தம்பி, அந்தக் காசுக்கு இன்னொரு ஆள் வந்திரிக்கி. நகை தாறேண்டு நிக்கிறாங்க."

"ஆரது?"

"நீங்க என்ன, பொலிஸா?"

"நான் கூடத் தாறேன்!"

அரைமணி நேரத்தில் பதில் வந்தது. "அவங்களும் கூட்டிட்டாங்க."

இப்படியே இரண்டு நாள். ஹபீல் ஏற ஏற, அந்த முகம் தெரியாத பேயும் ஏறியது. கடைசியில் அவனிடம் மிஞ்சியது பைக் ஒன்றுதான். பைக் என்றால் அவனுக்கு உயிர். மனைவியைவிட அதைத்தான் அதிகம் துடைத்திருக்கிறான் என்று இல்மாவே சொல்வாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

"எண்ட பைக்க எடுங்க. காசத் தாங்க."

வெள்ளிக்கிழமை வீடு நிறைந்த சனம். வாசல் படலையடியில் நஸீப் காசைக் கொடுத்தான், சாவியை வாங்கினான். ஹபீல் தன் பைக் திரும்பிப் பார்க்காமல் போவதை ஒரு கணம் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடி, காசை டப்பாவில் போட்டு மாமியின் கையில் வைத்தான்.

மாமி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சபையைப் பார்த்தார். குரல் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. "ஏழு தலமுறக் காசு. இந்தக் குடும்பத்த உட்டு ஒரு நாளும் வெளிய போகாத காசு."

டப்பாவைத் திறந்தார்.  காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யானையின் காதடியில் இருந்த, தான் நன்கறிந்த சின்ன வெட்டை நகத்தால் தடவினார். முகம் வெளுத்தது.

"மகன், இது எங்க இரிந்து வந்த?"

செத்தேன் என்று நினைத்தான் ஹபீல். "டப்பாவிலதானே இரிந்த மாமி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து விழிக்க, வாசலில் ஒரு தலை நீண்டது. நஸீப்.

"தம்பி, ஹெல்மட்டத் தர மறந்திட்டீங்களே." சொன்னவனின் பார்வை மாமியின் மேல் விழுந்தது. முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, சாச்சி! கோவிச்சுக்காதீங்க, நீங்க வித்த காச உங்களுக்கே திருப்பித் தரத்தான் இரிந்தேன், ஆனா உங்கட வளையலுக்கு மேல இந்தத் தம்பி பைக்கையே தந்திட்டாரே!"