என் ஈறுகள் தவிர எல்லாரும் சுகம்

இலுப்பூர்
8-12-57

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஆண்டியப்பனுக்கு, சிவசாமி எழுதிக்கொண்டது. இங்கு என் ஈறுகள் தவிர எல்லாரும் சுகம். 'எல்லாரும்' என்று எழுதிய பிறகுதான் வீட்டில் நான் ஒருவன் மட்டும் இருப்பது நினைவுக்கு வந்தது. அவ்விடம் நீயும் குழந்தைகளும், முக்கியமாக உன் அக்காளும், சுகமா என்று எழுதவும்.

உன் மகள் காதுகுத்துக்கென்று ஆவணியில் கட்டுமாவடிக்கு வந்த உன் அக்காள், கார்த்திகை ஆகியும் திரும்பவில்லை. காதுப் புண் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் குறை சொல்லவில்லை. காரணம் நானாகவே இருக்கலாம். புறப்படுவதற்குச் சில நாள் முன்பிருந்தே அவள் என்னிடம் பேசும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கல்யாணமான புதிதில் என் தகப்பனார் எதிரே வந்தால் அப்படி மூடுவாள். என் எதிரில் மூடியதில்லை. யோசித்தேன். பல் விளக்கினால் எனக்கு ஈறில் ரத்தம் வரும். வாயில் நாற்றமும் உண்டு. ஆக அவள் மூடுவது மூக்கைத்தான், மரியாதைக்காகக் கொஞ்சம் கீழே இறக்கி மூடுகிறாள் என்று முடிவு செய்தேன். அன்று முதல் சுவரைப் பார்த்தே அவளிடம் பேசினேன். அவள் போய்விட்டாள்.

பிறகு சமஸ்தான ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் பழகிய முறைப்படி காரியத்தில் இறங்கினேன். ரத்தம் வருகிற பக்கத்தைத் தொடாமல் விட்டால் ஆறும் என்று அங்கே விளக்குவதை நிறுத்தினேன். ரத்தம் மறுபக்கம் வந்தது. அதையும் நிறுத்தினேன். கடைசியில் விளக்குவதற்கு இடமே இல்லாமல் போகவே, புதுக்கோட்டைப் பல் டாக்டரிடம் புறப்பட்டேன். பஸ்ஸில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்டக்டரிடம் கையை மட்டும் முன்னால் நீட்டிக் காட்டினேன். அவர் பாதி வழியிலுள்ள அன்னவாசலுக்குச் சீட்டுக் கிழித்து அங்கேயே இறக்கிவிட்டார். "வாயத் தொறந்து சொன்னாத்தானங்க பெரியவரே தெரியும்! எறங்குங்க, எறங்குங்க!" அடுத்த பஸ்ஸில் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். "ஊமைக்கு எழுத்து முத்து முத்தா இருக்கு பாரேன்" என்றார் பக்கத்து ஸீட்டுக்காரர்.

டாக்டர் பார்த்துவிட்டு, "பல்லு கெட்டிங்க. ஈறுதான் பல்ல விட்டுட்டுப் போவுது" என்றார். அழுக்கு காரையாக இறுகி ஈறுக்கு அடியில் இறங்கிவிட்டதாம்; வீக்கம், ரத்தம், நாற்றம் எல்லாம் அதனால்தானாம். கரித்தூளும் உப்பும் போட்டு நான் அழுத்தித் தேய்த்ததும் தப்பாம். "ரத்தம் வருதுன்னு ஒதுங்கிக்கிறதா? அங்கிட்டுத்தாங்க மெதுவா, விடாம வெளக்கணும்" என்றார். அது பல்லுக்குச் சொன்ன வார்த்தையாகவே எனக்குப் படவில்லை, மாப்பிள்ளை. பழைய சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டுவது போலக் காரையைச் சுரண்டி எடுத்தார். பிடிமானமே இல்லாத முன்பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார். மற்றவை வெந்நீர் உப்புக் கொப்பளிப்பிலும் மெல்லிய பிரஷ்ஷிலும் நின்றுவிட்டன. ரத்தம் குறைந்துவிட்டது. நாற்றம் போயிற்றா என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை. இப்போதும் சுவரைப் பார்த்துத்தான் பேசுகிறேன், வேறு வழியில்லை.

ஆகவே நீ நயமாக விசாரி. நாற்றத்தால்தான் போனாள் என்றால், அது தீர்ந்தது என்று சொல். நேரில் வந்து அழைக்க எனக்குக் கூச்சம். முன்பல் இல்லாத வாயோடு அவள் எதிரே எப்படி நிற்பேன்? தை பிறக்கட்டும், செட் பல் கட்டிக்கொண்டு வருகிறேன். அதுவரை பல் போனதைப் பற்றி அவளிடம் மூச்சு விடாதே.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் இரவிலும் பல் விளக்கி, நூறு வயதிலும் முறுக்குக் கடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
சிவசாமி

பி.கு.: தபாலில் போடக் கிளம்பும்போது அடுத்த வீட்டுப் பிச்சையம்மாள் குழம்பு கொண்டுவந்தாள். கடிதம் யாருக்கு என்று கேட்டாள். துண்டுக்குள்ளிருந்து சொன்னேன். "நீங்களுமா மாமா வாயப் பொத்துறீங்க? அக்காவும் முன்பல்லு ரெண்டு ஆடி விழுந்துபோச்சுன்னு இப்படித்தான் பொத்திக்கிட்டுத் திரிஞ்சுச்சு. ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்குச்சு. நீங்க செவத்தப் பாத்துப் பேசவும், 'எம் மொகத்தப் பாக்கவே புடிக்கலடி அவருக்கு'ன்னு அழுதுக்கிட்டுல்ல போச்சு!" என்றாள்.

மாப்பிள்ளை, மேலே எழுதியது எதையும் விசாரிக்க வேண்டாம். தையும் வேண்டாம், செட் பல்லும் வேண்டாம். இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே நான் வாரேன். திரும்பும்போது அவளையும் அந்த டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வீடு. நீ அவளை வாசலில் நிற்க மட்டும் வை. துண்டில்லாமல் வந்து, முதலில் நான் சிரிக்கிறேன்.