நீரற்ற குளத்தில் நிறைவேறிய தீர்மானம்

மனித குலம் இதுவரை கூட்டிய கூட்டங்களில், எங்கள் 'பொது நீச்சல் குளங்களின் எதிர்காலத் திட்டக் குழு' கூடியதைப் போல ஆழமான கூட்டம் இன்னொன்று இருக்க முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. குளத்தின் அடியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வந்திருந்தோரும் அவர்கள் அமர்ந்த இடமும் வருமாறு. தலைவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்: ஆழமான பக்கத்தில், வடிகால் சல்லடைக்கு மேல், கைவைத்த நாற்காலியில். பொறியாளர்: தரை சரியத் தொடங்கும் இடத்தில். நாற்காலியின் கால்களுக்கு அடியில் ஓட்டுச்சில்லு வைத்தும் அவர் தலைவரை நோக்கி மெல்ல வழுக்கிக்கொண்டே இருந்தார். குழு அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டது. ஆலோசகர்: ஏணிக்குப் பக்கத்தில், பாதியில் கிளம்ப வசதியாக. செயலாளராகிய நான்: ஆழம் குறைந்த பக்கத்தில். என் அறிவுக்கு அதுவே தாராளம். மேலே கரையில், தன் உயர்ந்த நாற்காலியில், கழுத்தில் விசிலோடு உயிர்காப்பாளர். கரையின் விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டபடி, பக்கத்தில் கைத்தடியுடன், 'பொதுமக்கள் பிரதிநிதி'யாக ஒரு பெண்மணி. அவர் என் மனைவி. வேறு பொதுமக்கள் யாரும் அகப்படவில்லை.

குளத்தில் தண்ணீர் ஏன் இல்லை என்று விவரம் தெரியாதவர்கள் கேட்கலாம். முதல் கூட்டத்திலேயே பொறியாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "தண்ணி இருந்தா குளத்தோட உண்மை நிலவரம் தெரியாதுங்க. மறைக்கும்." வடித்தோம். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஆய்வு என்று ஆலோசகர் சொன்னதால் ஊரின் மற்ற இரண்டு குளங்களையும் வடித்தோம். பிறகு கூட்டத்தை இங்கேயே, உள்ளேயே வைத்துக்கொண்டோம். தலைவருக்கு இந்த இடத்தின் எதிரொலி பிடித்துப்போயிற்று. அவர் ஒருமுறை சொன்னது இருமுறை கேட்டது. அதற்கு மறுப்பு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அடுத்த கூட்டம் எப்போதும் அருகிலேயே இருந்ததால், நடுவில் நிரப்பி மறுபடி வடிப்பது வீண் அலைச்சல் என்று முடிவாயிற்று.

என் மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. தரையில் அவளுக்குக் கைத்தடி வேண்டும். மார்பளவுத் தண்ணீரில் வேண்டாம். தினமும் காலையில் தண்ணீருக்குள் நடந்தால் கால் பழையபடி ஆகிவிடும், விட்டால் மடங்காமலே நின்றுவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நடந்தாள், தேறி வந்தாள், மாடிப்படி ஏறினாள். நாங்கள் எதிர்காலத்தைத் திட்டமிடத் தொடங்கியதிலிருந்து அவளுடைய கட்டில் கூடத்துக்கு இறங்கிவிட்டது. "உங்க குழுவில ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று பலமுறை கேட்டாள். 'குடும்ப நலனைப் பொது நலத்தில் கலப்பதில்லை' என்ற உயர்ந்த கொள்கையால் நான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் அவளே வந்திருந்தாள்.

கூட்டம் தொடங்கியதும் விசில் ஒலித்தது.

"தலைவர் சாருக்கு நீச்சல் தெரியுமா?" என்றார் உயிர்காப்பாளர்.

"தெரியாது. ஏன்?"

"தெரியாதவங்க ஆழத்துப் பக்கம் போகக் கூடாது சார். பலகையில போட்டிருக்கு."

விதியை மதிக்கும் குழு எங்களுடையது. விவாதித்து, 'தலைவர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வரும்வரை இவ்விதி தளர்த்தப்படுகிறது' என்று தீர்மானித்தோம்.

பிறகு ஆலோசகர் வரைபடத்தை விரித்தார். அதில் ஒரு கோடு தொபுக்கென்று கீழே விழுந்து, அங்கேயே படுத்திருந்தது. "ஆய்வு தொடங்கினதுக்கு அப்புறம் ஒருத்தர்கூட நீந்தலை. மூணு குளத்துலயும் இதே கதை. மக்கள் நீச்சலைத் தாண்டிப் போயிட்டாங்க."

"தண்ணி இல்லையே, தம்பி" என்றாள் என் மனைவி மேலிருந்து.

"அதுவும் ஒரு காரணியா இருக்கலாம்மா. ஆனா எங்க கேள்வித்தாள்ல தண்ணியைப் பத்திக் கேள்வி இல்லை."

"இருந்தப்ப இடம் பிடிக்கச் சண்டை போட்டுக்கிட்டாங்களே."

"அது பழைய தரவும்மா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க..." என்று தொடங்கி, இடம் பொருள் உணர்ந்து, "செயலாளர் சார், நீங்க சொல்லுங்க. தினம் காலையில என்னை இங்க கூட்டிக்கிட்டு வந்தது யாரு? அந்த நெரிசல்ல என் துண்டை வச்சுக்கிட்டு நின்னது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து, 'பொதுமக்கள் பிரதிநிதி ஒரு கருத்தைத் தெரிவித்தார்' என்று எழுதினேன்.

"என்ன எழுதறீங்க?"

"நீங்க சொன்னதைத்தான் மேடம்."

கல்யாணமான நாளிலிருந்து அவளை நான் மேடம் என்று அழைத்தது அதுவே முதல் முறை. அவள் தொங்கிய காலை இரண்டு கைகளாலும் தூக்கிக் கரையில் வைத்துக்கொண்டாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். குளமும் செருமியது. இந்தக் குளத்தின் தரையைச் சமப்படுத்தி, 'நீச்சல் குளங்களின் எதிர்காலத்தைத் திட்டமிடும் நிரந்தர மன்றம்' ஆக்கிவிடலாம் என்றார். மற்ற இரண்டு குளங்களில் துணைக்குழுக்கள் உட்காரும். மன்றத்துக்கு நிரந்தரச் செயலாளர் ஒருவர். அவருக்கு உடைமாற்றும் அறையே அலுவலகம். ஒரு சுழல் நாற்காலி.

"அப்ப என் வேலை சார்?" என்றார் உயிர்காப்பாளர்.

"நீங்க அங்கேயே இருங்க. பேச்சுல யாராவது ரொம்ப ஆழமாப் போனா விசில் அடிங்க."

வாக்கெடுப்பு நடந்தது. கரையில் இருந்தவர்களுக்கு வாக்கு இல்லை. தலைவரும் ஆலோசகரும் கை தூக்கினார்கள். பொறியாளர் தூக்கவில்லை. "வழுக்கி வழுக்கி என் இடுப்பு போச்சுங்க. அந்தம்மா சொல்ற மாதிரி தண்ணியை விட்டுட்டு நாம மேல உட்காரலாம்." நானும் தூக்காவிட்டால் இரண்டுக்கு இரண்டு, தீர்மானம் தோற்கும், குளத்தில் தண்ணீர் வரும். வலது கை குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததால் இடது கையைத் தூக்கினேன். என் கடமை உணர்ச்சியைப் பாருங்கள்: சொந்த மனைவிக்கு எதிராகக் கை உயர்த்தியபோதும் ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை.

மாலையில் வீட்டில், நகர நிர்வாகத்துக்கு அறிக்கைக் கடிதம் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். 'பொருள்: நீச்சல் குளங்களில் நீந்துவோர் இன்மை - தொடர்பாக.' பொருள் ஒரே வரியில் இருக்க வேண்டும், யார் தலையிலும் பழி விழக் கூடாது என்று எங்கள் சிற்றூர்ப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அருமையான பள்ளி. 'தண்ணீர் வடிக்கப்பட்டது', 'வருகை குறைந்து காணப்பட்டது', 'முடிவு எட்டப்பட்டது' என்று எழுதிக்கொண்டே போனால், எல்லாம் நடந்திருக்கும். செய்தவன் ஒருவனும் இருக்க மாட்டான்.

வழக்கம்போல அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முக்காலியில் காலை நீட்டியபடி முழுவதும் படித்தாள்.

"பிழை ஏதாவது?"

"ஒண்ணும் இல்லை. ஒரு ஒற்றுகூட விட்டுப்போகலை."

"நடை?"

"உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் போச்சு."

கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் வைத்தேன். உறையின் பசை காய்ந்திருந்தது. "இதை நனைக்கக் கொஞ்சம் தண்ணி கொடேன்" என்றேன், பழக்க தோஷத்தில்.

"குளத்துல மொண்டுக்கோங்க."

நாக்கால் நனைத்து ஒட்டினேன். ஓரங்களை நகத்தால் அழுத்தித் தேய்த்து, அஞ்சல்தலையைக் கோணாமல் ஒட்டி, தெருமுனைப் பெட்டிவரை நானே நடந்துபோய்ப் போட்டுவிட்டேன். வீட்டில் அவ்வளவு தூரம் நடக்கக்கூடியவன் இப்போது நான் ஒருவன்தான். இன்னொருவர் இல்லாதபடி இடது கையால் பார்த்துக்கொண்டவனும் நான்தான்.