வெப்பமண்டல மீன்களுக்கு மட்டும்

எங்கள் பாசோ எலாடியோவில் டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உள்ளே இருப்பதை நம்புகிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. பிஸ்கட் டின்னைத் திறந்தால் நூல்கண்டு இருக்கும். ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் போன வாரத்துப் பயறுக் குழம்பு பனிக்கட்டியாகக் கிடக்கும். இதில் ஏமாந்து அழுகிற வயது எல்லோருக்கும் நாலு வயதோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் யாரும் எழுத்தைப் பார்ப்பதில்லை, குலுக்கிப் பார்ப்பார்கள். ஊர் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. நன்றாகவே நடந்தது என்று சத்தியம் செய்வேன்.

இந்த விஷயத்தில் எங்களுக்கெல்லாம் தலைவன் வால்தெமார். தையல் மிஷின் பழுது பார்க்கிற பட்டறை வைத்திருந்தான். பட்டறையின் சுவர் முழுக்க டப்பா. அத்தனையும் அவன் மனைவி எல்பாவின் புண்ணியம். தலைநகர் மொந்தேவிதேயோவில் எது நாகரிகமோ, அது ஒரு வருஷம் கழித்து பஸ் ஏறி எல்பாவிடம் வந்து சேரும். முதலில் புகைப்படக் கலை. ஜில்லாவில் உள்ள மாடுகளையெல்லாம் படம் எடுத்து முடித்தாள். பிறகு மீன் வளர்ப்பு. பிறகு குட்டி விமானப் பொம்மைகளுக்குச் சாயம் தீட்டுவது. ஆசை போய்விடும், டப்பா மிஞ்சும். வால்தெமார் ஃபிலிம் டப்பாவில் ஸ்க்ரூ போட்டான், மீன் தீவன டின்னில் ஸ்பிரிங் போட்டான், சாயக் குப்பியில் ஊசி போட்டான்.

"உன் பெண்டாட்டி அடுத்து என்னடா ஆரம்பிக்கப் போறா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எதுவா இருந்தாலும் பெரிய டப்பாவுல வர்ற மாதிரி ஆரம்பின்னு சொல்லியிருக்கேன். மோட்டார் வைக்க இடமில்ல."

"சவப்பெட்டி செய்யக் கத்துக்கறேன். உன்னையே வச்சிடலாம்" என்று உள்ளேயிருந்து எல்பா குரல் கொடுத்தாள்.

நான் மில்டன். எங்கள் ஊர் முர்கா கோஷ்டிக்குப் பாட்டு எழுதுகிறவன். பிப்ரவரியில் கார்னிவல் வந்தால் முகத்தில் சாயத்தைப் பூசிக்கொண்டு மேடை ஏறுவோம், நகராட்சியைக் கிழி கிழியென்று கிழிப்போம், ஊர் வயிறு குலுங்கச் சிரிக்கும். கோஷ்டியின் உடுப்புகளைத் தைக்கிற மிஷின் அந்த டிசம்பரில் மக்கர் செய்தது. தூக்கிக்கொண்டு போய் வால்தெமாரிடம் போட்டேன். அதே வாரம் அவனுடைய பட்டறை உரிமம் காலாவதியானது. உரிமம் இல்லாவிட்டால் ஷட்டரை இறக்கி முத்திரை வைத்துவிடுவார்கள். அந்த ஷட்டருக்குப் பின்னால்தான் அவர்கள் இரண்டு பேரின் சோறும் இருந்தது.

உரிமத்தைப் புதுப்பிக்க ஆய்வாளர் வந்தார். நகராட்சியில் புதிதாகத் திறந்திருந்த 'முழு இணக்க இயக்குநரகம்' அவரை அனுப்பியிருந்தது. எதோடு எது இணங்க வேண்டும் என்று பெயரில் இல்லாததால், எல்லாமே எல்லாவற்றோடும் இணங்க வேண்டும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வாளர் பெர்தோமோ இளைஞர், சாது, பரம மரியாதைக்காரர். எங்கள் ஊர் வழக்கப்படி இடது அக்குளில் வெந்நீர் ஃபிளாஸ்க், அதே கையில், நாள் முழுக்க உறிஞ்சுகிற மாத்தே இலைக் கஷாயக் குவளை. ஆகவே அரசாங்கம் எங்களை ஒரு கையால்தான் ஆய்வு செய்தது.

ஒரு ஃபிலிம் டப்பாவை எடுத்தார். "இதுல என்ன இருக்குங்க ஐயா?"

"ஸ்க்ரூ."

"'உள்ளே இருப்பதை வெளிச்சத்தில் திறக்கக் கூடாது'ன்னு போட்டிருக்கே?"

வால்தெமார் சிரித்தான். "அது ஃபிலிமுக்குப் போட்டது சார்."

"ஃபிலிமுக்குன்னு எங்க போட்டிருக்கு? உள்ளே இருப்பதைன்னுதான் போட்டிருக்கு. உள்ளே இருக்கறது ஸ்க்ரூன்னு நீங்களே சொல்றீங்க."

வால்தெமார் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"சரி சார், அந்த எழுத்தைச் சுரண்டிடறேன்."

"எச்சரிக்கையை அழிக்கறது தனிக் குற்றம்."

"அப்போ டப்பாவையே தூக்கிப் போட்டுடறேன். விட்டது சனி."

பெர்தோமோ உறிஞ்சிக்கொண்டிருந்த மாத்தேயை நிறுத்தினார். உண்மையிலேயே பதறிவிட்டார், பாவம். "ஐயா, இது மறுபயன்பாட்டு ஆண்டு! போன மாசம்தான் மேயர் கையால உங்களுக்குப் பதக்கம் கொடுத்தோம்!"

அதுவும் நிஜம்தான். குளிர்பான மூடிகளை ஒட்டிச் செய்த பதக்கம் சுவரில் தொங்கியது. 'வீணானதை வீணாக்காத வித்தகர்' என்று அதில் எழுதியிருந்தது. தலைநகரில் அந்த வருஷம் பழசை மறுபடி பயன்படுத்துவதுதான் நாகரிகம். எங்கள் மேயரும் ஒரு வகையில் எல்பாதான்.

ஆக, டப்பாவை எறியவும் கூடாது, எழுத்தை அழிக்கவும் கூடாது, எழுத்துப்படி நடக்க வேண்டும். நடந்தால் உரிமம், அதுவரை ஷட்டரைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். "ரொம்பச் சின்ன விஷயம்தானே" என்று சொல்லிவிட்டு, எல்பாவின் கையையும் குலுக்கிவிட்டுப் போனார் பெர்தோமோ.

வால்தெமார் நடந்தான். வேறென்ன செய்வான்? பட்டறையின் ஒரு மூலையைக் கறுப்புத் துணியால் மறைத்தான். ஸ்க்ரூ வேண்டுமென்றால் அதற்குள் போய், விளக்கை அணைத்து, டப்பாவைத் திறந்து, தடவி எடுப்பான். சாயக் குப்பியில் 'நன்றாகக் குலுக்கவும்; ஒரு பூச்சுக்கும் மறு பூச்சுக்கும் ஒருநாள் இடைவெளி விடவும்' என்று இருந்தது. ஊசியைக் குலுக்கினான். ஒரு ஊசி மாட்டிய பிறகு அடுத்ததற்கு மறுநாள்வரை காத்திருந்தான். மீன் தீவன டின் சுருக்கமாகவே பேசியது: 'காலை மாலை ஒரு சிட்டிகை. ஐந்து நிமிடத்தில் மிஞ்சியதை அகற்றவும்.' காலையில் ஒரு சிட்டிகை ஸ்பிரிங் எடுப்பான். ஐந்து நிமிடத்துக்குள் மாட்டியது மாட்டியது, மற்றது டின்னுக்குத் திரும்பிவிடும்.

ஜனவரியில் ஒருநாள் மிஷின் என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனேன். பட்டறையில் ஆளே இல்லை.

"யாரு?" என்றது கறுப்புத் துணி.

"நான்தான்டா. மிஷின் ரெடியா?"

"துணியைத் தொடாத! ஸ்க்ரூவெல்லாம் கெட்டுப் போயிடும்!"

"ஸ்க்ரூ எப்படிடா கெட்டுப் போகும்?"

உள்ளே ஒரு ஸ்க்ரூ விழுந்து உருண்டது. "எனக்கென்னடா தெரியும்? போட்டிருக்கு" என்றான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. எல்பா டீத்தூள் மாதிரி எதையோ ஒரு டம்ளரில் குலுக்கிக்கொண்டு வந்தாள். உற்றுப் பார்த்தேன். மாத்தே இலைதான். "ஏம்மா குலுக்கறே?" என்றேன். "இந்த வீட்ல இப்போ எதையும் குலுக்காம எடுக்கறதில்ல மில்டன். பயமா இருக்கு" என்றாள்.

இரண்டாவது ஆய்வு வந்தது. பெர்தோமோ கறுப்புத் துணியைப் பார்த்து உருகிவிட்டார். எல்லாம் சரி, பிரமாதம், இதைப்போல ஒரு பட்டறை நாட்டிலேயே இல்லை என்றார். கடைசியாக மீன் தீவன டின்னைத் திருப்பி அடியைப் பார்த்தார்.

"'வெப்பமண்டல மீன்களுக்கு மட்டும்'னு இருக்கே ஐயா."

"அதனால?"

"இந்த ஸ்பிரிங்கை எதுல மாட்டறீங்க?"

"தையல் மிஷின்ல."

பெர்தோமோ மிஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

வால்தெமாருக்கு மண்டை காய்ந்துவிட்டது. "தையல் மிஷின் மீனான்னு கேக்கறீங்களா சார்?"

"நான் கேக்கலைங்க. டப்பா கேக்குது."

"அந்த டப்பாவுக்கு நீங்களே பதில் சொல்லுங்களேன்!" என்று எல்பா வெடித்தாள். "சாப்பிடாது, நீந்தாது, மூச்சு விடாது. என் புருஷன் அடிச்சாத்தான் சத்தமே போடும். இது எப்படி மீனாகும்?"

"சாப்பிடாது, நீந்தாதுங்கறதெல்லாம் இப்போ ரிப்பேர்ல இருக்கறதால அம்மா" என்றார் பெர்தோமோ பொறுமையாக. "நான் உங்களுக்கு எதிரி இல்ல. வழி இருக்கு. இயக்குநரகத்துல சமானச் சான்றிதழ் தருவாங்க. ஒரு பொருள் வேற ஒரு பொருளுக்கு நிகர்னு. போன மாசம் தீயணைப்பு வண்டி இல்லாத ஊருக்கு ஒரு பால் வண்டியை நிகராக்கிக் கொடுத்தோம்."

அவர் நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். தானே அலைந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தார். 'மேற்படி தையல் இயந்திரம், பராமரிப்புக் காலம் முழுவதற்கும், வெப்பமண்டல மீனுக்கு நிகராகக் கருதப்படும்' என்று கையெழுத்தும் முத்திரையும் போட்டிருந்தது. மீனைத் திறந்த வெளியில் வைக்க முடியாது என்பதால் எல்பாவின் பழைய கண்ணாடித் தொட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்று வால்தெமார் கேட்டான். டின்னில் தண்ணீரைப் பற்றி எதுவும் இல்லையே, அதிகாரத்தை மீறி எப்படிச் சொல்வது என்றார் பெர்தோமோ. மிஷின் வறண்ட தொட்டிக்குள் குடியேறியது. வால்தெமார் முழங்கைவரை உள்ளே விட்டுக் காலையும் மாலையும் சிட்டிகை சிட்டிகையாக ஸ்பிரிங் மாட்டினான். உரிமம் வந்தது. எல்பா அன்றைக்கு அழுதாள். உரிமத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் பதக்கத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

கார்னிவலுக்கு முந்தின வாரம் மீன் குணமாகி எங்களிடம் வந்தது. உடுப்புகளைத் தைத்து முடித்தோம்.

இனி என் பங்கு. ஒரு முர்காப் பாட்டுக்காரனுக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் உண்டா? மற்ற வருஷங்களில் கற்பனை செய்து உயிரை விடுவேன், இந்த வருஷம் நடந்ததை அப்படியே எழுதினேன். கறுப்புத் துணி, குலுக்கல், சிட்டிகை, எல்லாம் வந்தது. கடைசியில் மிஷினைக் கண்ணாடித் தொட்டியோடு மேடைக்குத் தூக்கி வந்து கோஷ்டி முழுவதும் கோரஸ் பாடியது:

*மீனில்லை ஐயா மீனில்லை,*
*செதிலும் இல்லை வாலுமில்லை!*
*தைக்குது பாரு துணியைத்தான்,*
*சத்தியமாய் இது மீனில்லை!*

ஊரே எழுந்து நின்றது. விக்கல் வந்தவர்கள் உண்டு, பெஞ்சிலிருந்து விழுந்தவர்கள் உண்டு. முன்வரிசையில் மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெர்தோமோ ஃபிளாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினார். அவருடைய இரண்டாவது கையை நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். முதல் பரிசும் எங்களுக்கே. அவ்வளவுதான், இந்த ஊரில் இனி ஒரு டப்பாவையும் எவனும் திருப்பிப் பார்க்க மாட்டான், இயக்குநரகத்தைப் பாட்டாலேயே புதைத்தாயிற்று என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மார்ச் பிறந்தது. ஒருநாள் காலையில் வால்தெமாரின் ஷட்டர் இறங்கியிருந்தது, அதன்மேல் முத்திரை. வாசல் படியில் அவனும் எல்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நேராக இயக்குநரகத்துக்கு ஓடினேன்.

பெர்தோமோ என்னைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "மில்டன் சார்! என்ன பாட்டு! என் பசங்க தூக்கத்துலகூட 'மீனில்லை'ன்னு பாடறாங்க!"

"வால்தெமார் கடையை ஏன் சார் மூடினீங்க?"

அவர் முகம் வாடியது. "என்ன செய்யறது சொல்லுங்க. அந்த மிஷின் மீனுக்கு நிகர்ங்கறதாலதான் உரிமம் கொடுத்தோம். அது மீன் இல்லைன்னு பகிரங்கமா நிரூபணம் ஆயிடுச்சே."

"யார் நிரூபிச்சா?"

"நீங்கதான் சார். மேடையில மிஷினையே கொண்டுவந்து, செதில் இல்ல, வால் இல்லன்னு, சத்தியம் வேற பண்ணீங்க. அத்தனை பேரும் கைதட்டி ஆமோதிச்சாங்க. எங்க மேயரே சாட்சி. இயக்குநரகத்தால இத்தனை பெரிய ஆய்வைப் பண்ணவே முடியாது."

"சார், அது கேலி சார்! உங்களைக் கேலி பண்ணினோம்!"

"தெரியுமே. ரொம்ப நல்லா இருந்தது."

"சரி, நான் வாபஸ் வாங்கிக்கறேன். அது மீன்தான். மறுபடியும் மேடை ஏறி மீன்தான்னு பாடறேன். கோஷ்டியோட வர்றேன். இன்னிக்கே வர்றேன்."

பெர்தோமோ மேஜை இழுப்பறையிலிருந்து எங்கள் கோஷ்டியின் அனுமதிச் சீட்டை எடுத்து மெதுவாக என் முன் வைத்தார். எத்தனையோ வருஷமாக நானே கையெழுத்துப் போட்டு வாங்குகிற சீட்டு. 'அதிகாரிகளைக் கேலி செய்ய: பிப்ரவரி மாதம் மட்டும். பிற மாதங்களில் மூடி வைக்கவும்.'

"அடுத்த பிப்ரவரியில வந்து பாடுங்க சார்" என்றார். "நான் முன்வரிசையில இருப்பேன்."

வெளியே வந்து கூட்டம் சேர்க்கப் பார்த்தேன். கைதட்டினவர்கள்தானே, வருவார்கள் என்று வீடு வீடாகப் போனேன். எல்லோரும் கதவைத் திறந்து 'மீனில்லை' என்று ஒருவரி பாடிக் காட்டினார்கள், சிரித்தார்கள். இயக்குநரகத்துக்கு வா என்றதும், "அதான் அன்னிக்கே நல்லாக் கிழிச்சுட்டோமே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது நல்ல பசி. ஃப்ரீஸரிலிருந்து ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்தேன். குலுக்கினேன். பயறுக் குழம்புதான், சந்தேகமே இல்லை. மூடியில் கையை வைத்தவன் அப்படியே நின்றேன். மேலே ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

'சாப்பாட்டுக்குப் பின் பரிமாறவும்.'

வீட்டில் வேறு சாப்பாடு இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தேன். அக்கம் பக்கம் யாரும் பார்க்கிறார்களா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டேன்.